தூக்கம் வராத இரவுகளும் தூக்க மாத்திரையும்

சென்ற ஆண்டு, அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு ஒரு குடும்பம் நமது அலுவலகத்துக்கு வந்தது. எழுபது வயதைத் தாண்டிய பெண்மணி. தஹஜ்ஜுத் தொழ எழுந்து உளூச் செய்யப் போனவர், குளியலறை வாசலிலேயே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மருத்துவ உதவி விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், அவர் வழக்கமாக என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மகனிடம் கேட்டேன்.

"பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு. வேற ஒண்ணும் இல்லீங்க பாய். தூக்க மாத்திரை மட்டும் போடுவாங்க."

"எத்தனை நாளா?"

"அத்தா மவுத்தானதிலேருந்து. மூணு வருஷம் இருக்கும்."

கணவர் இறந்து இத்தா இருந்த காலத்தில் அந்த அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. மருத்துவர் ஒருவர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து நாள் முடிந்தும் சீட்டைத் தூக்கிப் போடவில்லை. பிறகு சீட்டும் தேவைப்படவில்லை. காலி அட்டையைக் காட்டினால் தெருமுனை மருந்துக் கடையில் புது அட்டை கிடைத்தது. பத்து நாள் மருந்து மூன்று வருடம் ஓடியது. அவர் விழுந்த இரவிலும் அது அவர் உடம்பில் இருந்தது.

விழுந்ததற்கு மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் இல்லை. வயது, இருட்டு, ஈரத்தரை எல்லாமே சேர்ந்திருக்கலாம். ஆனால் முதியவர்கள் இந்த வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அதிகமாகிறது என்பது மருத்துவ உலகில் நன்கு தெரிந்த விஷயம். அந்த வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் அதே கேள்வியைக் கேட்கிறேன். "தூக்க மாத்திரை மட்டும்" என்ற அதே பதில் பல வீடுகளிலிருந்து வருகிறது. இந்தக் கட்டுரையை எழுத அதுதான் காரணம்.

தூக்கம் எப்படி வருகிறது?

தூக்கத்தை ஓய்வாகவும், இரவை ஆடையாகவும், பகலைப் பிழைப்புக்கான நேரமாகவும் ஆக்கியிருப்பதாக அந்நபா அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். அந்த ஓய்வு நம் உடம்பில் எப்படி அமைகிறது என்று பார்த்தால், இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து வேலை செய்கின்றன.

ஒன்று, தூக்கப் பசி. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சொக்குகிறது. தூங்கும்போது அது கரைகிறது. நாம் குடிக்கும் தேநீர், காப்பியில் உள்ள கஃபீன் இந்தப் பொருளைக் கரைப்பதில்லை. அது மூளையில் போய் உட்கார வேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இஷா தொழுதுவிட்டு ஒன்பது மணிக்குக் கடைவாசலில் நின்று குடிக்கும் இஞ்சி டீயில் பாதி, இரவு இரண்டு மணிக்கும் நம் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். டீயைக் குறை சொன்னால் நம் ஊரில் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். நான் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அஸருக்குப் பிறகு வேண்டாம் என்கிறேன்.

இரண்டாவது, உடம்பின் கடிகாரம். கண்ணின் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளைக்குள் ஒரு சிறு நரம்புக்கொத்து இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது இரவையும் பகலையும் கணக்கிடுகிறது. இருட்டத் தொடங்கியதும் மெலடோனின் என்ற சுரப்பு கூடுகிறது, உடம்பின் உட்சூடு மெல்லக் குறைகிறது. இது இரவு வந்துவிட்டது என்று எல்லா உறுப்புகளுக்கும் சொல்லி அனுப்பும் செய்தி. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-ல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. படுக்கையில் முகத்துக்கு நேரே பிடித்திருக்கும் செல்போன் வெளிச்சம், இந்தக் கடிகாரத்துக்கு "இன்னும் பகல்தான்" என்று பொய் சொல்கிறது. வெளிச்சத்தைவிடப் பெரிய கெடுதல் அதில் ஓடும் காணொளிதான் என்பது என் எண்ணம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது; மனத்துக்கு இறங்குவதற்குப் படி இல்லை.

இரவு முழுவதும் தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கண்மணிகள் மூடிய இமைக்குள் விரைவாக அசையும் கனவுத் தூக்கம் என்று ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்று. இரவில் நான்கைந்து சுற்றுகள் நடக்கும். ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்னிரவிலும், கனவுத் தூக்கம் பெரும்பாலும் பின்னிரவிலும் வரும். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே எல்லோரும் சில நொடிகள் விழிக்கிறோம், காலையில் நினைவிருப்பதில்லை. "ராத்திரி முழிப்பு வந்துடுச்சு" என்பது மட்டுமே நோய் அல்ல.

வயதானவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறையும், கடிகாரமும் முன்னே நகரும். இரவு எட்டரைக்கே படுத்து மூன்று மணிக்கு விழிக்கும் நன்னி, "எனக்குத் தூக்கமே இல்லை" என்கிறார். கணக்குப் போட்டால் ஆறரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். பகலில் லுஹருக்குப் பின் ஒரு மணி நேரம் கண் அயர்கிறார். அவருக்கு வேண்டியது மாத்திரை இல்லை; இந்தக் கணக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஒரு பேரப்பிள்ளைதான்.

நம் இரவின் அளவு

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பதின்பருவப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து, ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம்.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஆண்டு முழுவதும் இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் நடுவே எட்டு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. லண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஜூன் மாதத்தில் இஷா முடியவே பதினொரு மணியை நெருங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் ஃபஜ்ரும் வந்துவிடும். அவர்கள் திண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. எட்டு மணிக்கு இஷா தொழுதுவிட்டு ஐந்து மணிக்கு ஃபஜ்ருக்கு எழ வேண்டிய நாம் திண்டாடுவதற்கு என்ன காரணம்? இஷாவுக்குப் பின் நடக்கும் கல்யாணப் பேச்சு, கடைக் கணக்கு, பரோட்டா, செல்போன். இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் வெட்டிப் பேச்சில் இருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்ற ஹதீஸ் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்.

ஹிஃப்ழ் மதரஸா நடத்தும் பொறுப்பாளர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். பகலில் மனனம் செய்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். பத்து வயதுப் பிள்ளையை நாலரை மணிக்கு எழுப்பினால், இரவு எட்டரைக்குப் படுக்க வைத்தால்கூட எட்டு மணி நேரம்தான் ஆகிறது. இஷாவுக்குப் பின் பத்தரை வரை பாடம் கேட்டுவிட்டு, காலையில் தூங்கி விழுகிறான் என்று அந்தப் பிள்ளையைத் தண்டிப்பதில் நியாயம் இல்லை. இரவுப் பாடத்தைச் சுருக்கி, பகலில் கைலூலாவுக்கு நேரம் ஒதுக்கினால் மனனம் கூடத்தான் செய்யும்.

வணக்கத்தின் பெயரால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. பள்ளியின் இரு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டியிருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். தொழுகையில் சோர்வு வந்தால் பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியது என்று சொல்லப்பட்டதும், அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும் வரை தொழுது, சோர்ந்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடம்புக்கும் கண்ணுக்கும் அவர் மீது உரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னார்கள்.

மாத்திரை தரும் தூக்கம்

மனிதன் தூக்கத்தை வரவழைக்க அபினில் தொடங்கி எத்தனையோ முயன்றிருக்கிறான். 1903-ல் பார்பிட்டால் என்ற மருந்து ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அந்த வகை மருந்துகளில் தூங்க வைக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 1960-ல் குளோர்டயசெபாக்சைடு வந்தபோது பாதுகாப்பான மாற்று என்று உலகமே வரவேற்றது. டயசெபாம், அல்ப்ரசோலம், நைட்ரசெபாம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள். சோல்பிடெம் வேறு குடும்பம் என்றாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த மருந்துகளைக் கெட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. பெரும் துயரத்தில், கடும் பதற்றத்தில், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருத்துவர் சில நாட்களுக்குக் கொடுக்கும்போது இவை உதவுகின்றன. வலிப்பு நோய்க்கும் பயன்படுகின்றன. சிக்கல் நாள்கணக்கு மாதக்கணக்காகும்போது தொடங்குகிறது.

முதலில், மாத்திரை தரும் தூக்கம் இயற்கைத் தூக்கத்தின் சரியான நகல் அல்ல. டயசெபாம் குடும்ப மருந்துகள் ஆழ்ந்த தூக்கத்தையும் கனவுத் தூக்கத்தையும் குறைத்து, லேசான தூக்கத்தைக் கூட்டுகின்றன. அடுத்து, உடம்பு பழகிவிடுகிறது. அரை மாத்திரையில் வந்த தூக்கத்துக்கு ஒன்று தேவைப்படுகிறது. ஒரு நாள் நிறுத்திப் பார்த்தால் முன்பைவிட மோசமாக விழிப்பு வருகிறது. "பார்த்தீங்களா, மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கமே வராது" என்று அதையே ஆதாரமாக்கி மறுபடி தொடங்கிவிடுகிறோம். அது மருந்தை நிறுத்தியதால் வந்த விழிப்பு என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

முதியவர்களுக்கு மறதி, தடுமாற்றம், காலையிலும் நீடிக்கும் மந்தம். ஓட்டுநர்களுக்கு இந்த மந்தம் உயிர்ப் பிரச்சினை. சோல்பிடெம் எடுத்த சிலர் தூக்கத்திலேயே எழுந்து நடந்ததும் சமைத்ததும் வண்டி ஓட்டியதும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் இதற்குக் கடுமையான எச்சரிக்கையை அட்டையில் போட வைத்தது. பெண்களின் உடம்பில் இந்த மருந்து நீண்ட நேரம் தங்குவதால், அதற்கு முன் 2013-ல் அவர்களுக்கான அளவைப் பாதியாக்கச் சொன்னது. டிரமடால் போன்ற வலி மாத்திரையோடும், கோடீன் கலந்த இருமல் மருந்தோடும் இவை சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும் ஆபத்து இருக்கிறது.

அல்ப்ரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் ஆகியவை நம் நாட்டில் எச்-1 என்ற அட்டவணையில் உள்ளவை. 2013-ல் கொண்டுவரப்பட்ட விதி இது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டு எழுதியவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோட்டுப் பெட்டிக்குள் எச்சரிக்கை இருக்கும். மருந்துக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் உரிமையோடு சொல்கிறேன்: தெரிந்த முகம், நம் ஜமாஅத்துப் பெரியவர், பாவம் தூக்கம் வரவில்லை என்கிறார் என்று இரக்கப்பட்டுக் கொடுக்கும் அட்டை அவருக்கு உதவி அல்ல.

மிக முக்கியமான ஒன்று. இதைப் படித்துவிட்டு நாளையே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், கடும் பதற்றம், சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ காட்டி, அவர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்காக, தேவையானால் மாதக்கணக்காகச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணிகளுக்கு

அமீரகத்துக்குப் போகும் மகனைப் பார்க்கப் போகிறவர்கள் பெட்டியில் தூக்க மாத்திரை இருந்தால் கவனம். அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு முன்கூட்டியே அரசின் அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் சீட்டும் கையில் இருக்க வேண்டும். கசகசாவையும் எடுத்துப் போகாதீர்கள். நம் சமையலறையில் அது குருமாவுக்கு அரைக்கும் சாமான். அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதே காரணம்.

கசகசா என்றதும் கைவைத்தியம் நினைவுக்கு வருகிறது. தூங்கும் முன் ஒரு குவளை வெதுவெதுப்பான பாலால் கெடுதல் இல்லை. அதில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்த் தூள் போடுவதும் பழைய வழக்கம். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். தேக்கரண்டிக் கணக்கில் போனால் ஜாதிக்காய் நஞ்சு. படபடப்பும் வாந்தியும் புத்தித் தடுமாற்றமும் வரும். யூனானி மருத்துவம் தூக்கத்தையும் விழிப்பையும் உடல்நலத்துக்கு இன்றியமையாத ஆறு விஷயங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. தலையில் தேய்க்க லெட்டூஸ் கீரை விதையிலிருந்து எடுக்கும் ரோகனே காஹூ, வயலட் பூவில் செய்யும் ரோகனே பனஃப்ஷா போன்ற தைலங்களைச் சொல்கிறது. உச்சந்தலையில் ஒருவர் நிதானமாக எண்ணெய் தேய்த்துவிட்டால் உடம்பு தளரும். அதற்கு விலை உயர்ந்த தைலம்தான் வேண்டும் என்றில்லை.

நோயாளியின் மனத்தை அமைதிப்படுத்துவதற்கு நம் முன்னோர் எவ்வளவு அக்கறை எடுத்தார்கள் என்பதற்கு, துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டி 1488-ல் முடித்த மருத்துவமனை இன்றும் சாட்சியாக நிற்கிறது. பெரிய குவிமாடத்தின் கீழே நீரூற்று; அதைச் சுற்றி நோயாளிகளின் அறைகள். தண்ணீர் விழும் ஓசை எல்லா அறைகளுக்கும் கேட்கும். வாரத்தில் மூன்று நாட்கள் பாடகர்களும் இசைக்கலைஞர்களும் வந்து நோயாளிகளுக்கு வாசித்ததாக, 17-ம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதிவைத்திருக்கிறார். அந்த மருத்துவமனையை நடத்தியது வக்ஃப் வருமானம். இப்போது அது அருங்காட்சியகம்.

மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியது

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டிய சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. கேட்க எளிதாக இருக்கும். முதல் இரண்டு வாரம் கடினம்.

அதன் முதல் விதி, எழும் நேரம் மாறக் கூடாது. இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இதைச் சொல்லும் நிபுணர்கள் நோயாளிகளுக்கு ஒரு காரணத்தைத் தேடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஃபஜ்ர் இருக்கிறது. ஆனால் ஃபஜ்ர் தொழுதுவிட்டு மறுபடி படுத்துப் பதினொரு மணிவரை தூங்கினால் அந்தப் பலன் போய்விடும். பள்ளியிலிருந்து திரும்பும்போது கால்மணி நேரம் காலை வெளிச்சத்தில் நடந்து வாருங்கள். அன்றிரவின் தூக்கத்துக்குக் கடிகாரம் அப்போதே சாவி கொடுக்கப்படுகிறது.

இரண்டாவது விதி, படுக்கை தூக்கத்துக்கு மட்டும். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் வகுத்தது இது. தூக்கம் வந்தால்தான் படுக்க வேண்டும். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்கார வேண்டும். கண் சொக்கியதும் திரும்பி வர வேண்டும். எத்தனை முறையானாலும் இதேதான். புரண்டு புரண்டு படுப்பவருக்கு, படுக்கையே கவலைப்படும் இடமாக மூளையில் பதிந்துவிடுகிறது; அதை அழிக்கத்தான் இவ்வளவும். மணி பார்க்காதீர்கள். "இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு" என்ற கணக்கைப்போலத் தூக்கத்தை விரட்டும் பொருள் வேறில்லை.

மூன்றாவது, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. ஒருவர் ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார். உண்மையில் தூங்குவது ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அவர் இரவு பதினொரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழட்டும். பகல் தூக்கம் கூடாது. சில நாட்கள் அசதியாக இருக்கும். பிறகு தூக்கப் பசி ஏறி, அந்த ஆறு மணி நேரமும் விழிப்பில்லாமல் இறுகும். அதன்பின் வாரத்துக்குக் கால்மணி நேரம் முன்னதாகப் படுத்து நீட்டிக்கொண்டே போகலாம். வலிப்பு நோய், மனநிலை ஏற்றத்தாழ்வு நோய் உள்ளவர்களும் கனரக வாகன ஓட்டுநர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. யாரானாலும் ஐந்தரை மணிக்குக் கீழே குறைக்க வேண்டாம்.

கைலூலா சுன்னத்தாயிற்றே என்று கேட்பீர்கள். இரவில் நன்றாகத் தூங்குபவருக்கு லுஹரை ஒட்டி இருபது நிமிடக் கைலூலா நல்லது. இரவில் தூக்கம் வராமல் தவிப்பவர் இந்தப் பயிற்சி முடியும் வரை அதை ஒத்திவைக்கலாம். நாம் செய்யும் தவறு அஸருக்குப் பின் படுத்து மக்ரிப் வரை தூங்குவது. இரவுப் பசியை மாலையிலேயே தீர்த்துக்கொள்வது.

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் பத்து நிமிடம் வெந்நீரில் குளிப்பதும் உதவும். சூட்டினால் கைகால் இரத்தக் குழாய்கள் விரிந்து உட்சூட்டை வெளியே தள்ளுகின்றன. உடம்பு குளிர்கிறது, தூக்கம் வருகிறது.

உடம்பைத் தளர்த்தும் முறை

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1929-ல் ஒரு நூலில் விளக்கிய முறை இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் சொல்லித் தரப்படுகிறது. பதற்றமான மனமும் தளர்ந்த தசையும் ஒன்றாக இருக்க முடியாது என்பதே அவர் கண்டது. செய்து பாருங்கள். படுத்தபடி பாத விரல்களை ஐந்து நொடி இறுக்கி மடக்குங்கள், சட்டென்று விடுங்கள். விட்டபின் இருபது முப்பது நொடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுட்டி, தோள், தாடை, நெற்றி என்று மேலே வாருங்கள். வலி உள்ள மூட்டையும் அறுவை செய்த இடத்தையும் விட்டுவிடுங்கள். மூச்சு மெதுவாக இருக்கட்டும்; இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பகலில் ஒரு முறை பழகினால்தான் இரவில் கைகொடுக்கும். இரவு இரண்டு மணிக்கு முதல் முறையாக முயன்றுவிட்டு "பலிக்கவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை.

நமக்குக் கற்றுத் தரப்பட்ட படுக்கை ஒழுங்கையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். உளூச் செய்வது, விரிப்பை உதறுவது, வலப்பக்கமாகச் சாய்வது, இக்லாஸ், ஃபலக், நாஸ் ஓதி உள்ளங்கைகளில் ஊதி உடம்பில் தடவுவது. தினமும் ஒரே வரிசையில், அவசரமில்லாமல் செய்யும் செயல்கள். ஆட்டுக்கல்லில் மாவரைத்த கையைப் பார்த்தால் நம் உம்மாமார்களுக்குப் புரியும்: திரிகையைச் சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டு வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் இரவில் அவர்கள் வீட்டுக்கே சென்று, படுக்கும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதும்படியும் அது பணியாளைவிடச் சிறந்தது என்றும் கற்றுத் தந்தார்கள்.

இதைத் தூக்க மருந்தாக நான் சொல்லவில்லை. திக்ரை மாத்திரைபோல எண்ணி, "நூறு ஓதியும் வரவில்லையே" என்று கணக்குப் பார்த்தால் அதுவும் ஒரு கவலையாகிவிடும். ஓதுவது அல்லாஹ்வுக்காக. தூக்கம் வந்தால் அவன் அருள். வராவிட்டால் ஓதியது வீணில்லை. இந்த மனநிலை உள்ளவருக்கு, தூங்கியே தீர வேண்டும் என்ற போராட்டம் நின்றுவிடுகிறது. போராட்டம் நின்றால் பெரும்பாலும் தூக்கமும் வந்துவிடுகிறது.

வலப்பக்கம் படுப்பதைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றும் "விஞ்ஞானம்" பலவும் ஆதாரமில்லாதவை. சுன்னத்துக்கு அந்த முட்டுக்கட்டை தேவையில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இடப்பக்கம் படுக்கச் சொல்வார்கள். இரைப்பையின் அமைப்பு அப்படி. அப்படிச் சொல்லப்பட்டவர் குற்ற உணர்வில்லாமல் திரும்பிப் படுக்கலாம்.

மருத்துவரிடம் போக வேண்டிய தூக்கமின்மை

சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி எழுபவருக்கு இருப்பது தூக்க மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். அவர் எட்டு மணி நேரம் படுத்தாலும் பகலில் தூங்கி வழிவார். இரத்த அழுத்தமும் அடங்காது. தூக்க மாத்திரை இவர்களுக்கு ஆபத்து. இதற்குக் காற்றழுத்த முகமூடிக் கருவி உண்டு. ஆஸ்திரேலியாவின் காலின் சலிவன் 1981-ல் அறிமுகப்படுத்தியது. மாலையானால் காலில் ஏதோ ஊர்வதுபோல இருந்து, கால் அசைத்தால்தான் நிம்மதி என்று சொல்லும் பெண்கள் நம்மிடையே நிறைய உண்டு. பலருக்கு அது இரும்புச்சத்துக் குறைவினால் வருவது. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரவில் நான்கைந்து முறை சிறுநீருக்கு எழுபவர் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். நீர் மாத்திரையை மாலையில் எடுக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

விடியும் முன்பே விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையோடும் "ஏன் இருக்கிறோம்" என்ற எண்ணத்தோடும் படுத்திருப்பவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். அது ஈமான் குறைவு அல்ல, சிகிச்சை உள்ள நோய். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நமது மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும்போது, வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தூக்க மாத்திரையையும் சேர்த்து. எதை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்று குறித்துக் கொடுத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதையும் எழுதித் தருகிறோம்.

தொடக்கத்தில் சொன்ன அம்மா அறுவை சிகிச்சைக்குப் பின் கைத்தடியோடு நடக்கிறார். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைக்க ஐந்து மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை பின்வாங்கி மறுபடி தொடங்கினார்கள். இப்போது பேத்தி அதே அறையில் படுக்கிறாள். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு இரவெல்லாம் எரிகிறது. சுவரில் மகன் ஒரு கைப்பிடி பதித்திருக்கிறார். தூக்கம் எப்படி இருக்கிறது என்று போன வாரம் கேட்டேன். "சில நாள் வருது, சில நாள் வரல. வராத அன்னைக்கு உக்காந்து தஸ்பீஹ் பண்றேன்" என்றார்.